எந்த டிராயிங் சரியான டிராயிங்?

கட்டட வேலை எதனால் கெடுகிறது என்று எங்கள் தொழிலில் இருந்த யாரைக் கேட்டாலும் சிமெண்ட், மணல், கம்பி விலை, ஆள் பற்றாக்குறை, மழை என்று வரிசையாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் இவை எல்லாவற்றையும்விட அதிக வேலையைக் கெடுத்தது காகிதம்தான். கையில் இருக்கும் டிராயிங் பழையதா புதியதா என்று தெரியாமல் கான்கிரீட் போட்டுவிடுவது. போட்ட பிறகு தெரியவருவது.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக இப்போது ‘பிம்’ என்று ஒன்று வந்திருக்கிறது. பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங் என்பதன் சுருக்கம். சென்னையிலும் கோயமுத்தூரிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இந்த வேலையில் இருக்கிறார்கள். லண்டனில் எழும்பப்போகும் ஆஸ்பத்திரியின் குழாயும் கம்பியும் இங்கே அவிநாசி ரோட்டில் உட்கார்ந்து கணினியில் பொருத்தப்படுகின்றன. உறவுக்காரர்களிடம் கேட்டால் “பையன் த்ரீ-டி படம் போடுறான்” என்பார்கள். படம் உண்மைதான். ஆனால் அந்த மூன்று எழுத்தில் நடுவில் நிற்பது ‘இன்ஃபர்மேஷன்’. அந்த நடு எழுத்துக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. நடுவில் ரத்தமும் சிந்தியிருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் வரைபடத்துக்கு நகல் வேண்டுமென்றால் இன்னொருவர் உட்கார்ந்து அதைக் கையால் வரைய வேண்டும். 1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய வானியலாளர் இரும்பு உப்புகளைக் காகிதத்தில் தடவி வெயிலில் காட்டி நீல நிறப் பிரதி எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அவர் நினைத்தது தன் குறிப்புகளுக்கு நகல் எடுப்பதைப் பற்றி. முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் கட்டடக்காரர்களும் கப்பல்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘புளூபிரிண்ட்’ என்ற சொல் அங்கிருந்து வந்தது. ஒரு டிரேசிங் இருந்தால் எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

நகல் சுலபமானதும் புதுத் தொல்லை பிறந்தது. அலுவலகத்தில் அசலைத் திருத்தினால் ஊரெல்லாம் பரவிய நகல்கள் தாமாகத் திருந்திக்கொள்ளாதே! எங்கள் தொழிலின் பாதிப் பஞ்சாயத்து இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

என் காலத்தில் நீலம் போய் அம்மோனியா பிரிண்ட் வந்திருந்தது. அந்த அறைக்குள் நுழைந்தாலே கண்ணில் நீர் வரும். டிராஃப்ட்ஸ்மேன்கள் டிரேசிங் தாளில் மையால் வரைவார்கள். திருத்தம் வந்தால் பாதி பிளேடை எடுத்து மையை மெல்லச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே புதுக் கோடு போடுவார்கள். மூன்று முறை சுரண்டினால் தாளில் ஓட்டை விழும். திருத்திய இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு வளைவு, பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம், அதற்குள் ஆர்1, ஆர்2 என்று எண். கீழே ‘கட்டுமானத்துக்கு ஏற்றது’ என்ற ரப்பர் ஸ்டாம்ப். புதுப் பிரிண்ட் வந்ததும் பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் பெற வேண்டும் என்பது விதி. எத்தனை சைட்டில் அது நடந்தது என்று கேட்காதீர்கள். அம்மோனியா பிரிண்ட் நல்ல கெட்டித் தாள். டிபன் பொட்டலம் மடிக்கவும், ஷெட் ஓட்டையை அடைக்கவும் வாகாக இருக்கும். யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

1980-களின் நடுவில் ஒரு தொழிற்சாலை வேலையில் இருந்தேன். பெரிய இயந்திரம் ஒன்றுக்கு அஸ்திவாரம். அதில் பதிக்கும் போல்ட்டுகளின் இடம் ஆர்3-இல் மாறியிருந்தது. ஆர்3 சைட் ஆபீஸ் பீரோவில் இருந்தது. கார்பென்டர் ஷெட்டில் ஆணியடித்து மாட்டியிருந்தது ஆர்2. கார்பென்டர் ஆர்2-ஐப் பார்த்துச் சட்டம் அடித்தார், அதைப் பார்த்து போல்ட் நிறுத்தினார்கள், இரவோடு இரவாகக் கான்கிரீட் போட்டார்கள். இயந்திரம் வந்து இறங்கிய அன்று ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் ஒரு சாண் தூரம். கான்கிரீட்டை உடைக்கவே பதினோரு நாள். அதைவிட எனக்கு நினைவில் நிற்பது அந்த விசாரணைதான். டிசைன் ஆபீஸ் “அனுப்பிவிட்டோம்” என்றது, அது உண்மை. சைட் ஆபீஸ் “வாங்கி வைத்தோம்” என்றது, அதுவும் உண்மை. கார்பென்டர், “டிராயிங்ல இருந்தபடிதான் சார் செஞ்சேன்” என்றார். அது எல்லாவற்றிலும் பெரிய உண்மை. எல்லாரும் சரியாகச் செய்து ஒரு வேலை தவறாக முடிந்தது.

இந்தச் சிக்கலை அதற்குப் பத்தாண்டுகள் முன்பே அமெரிக்காவில் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. சார்லஸ் ஈஸ்ட்மன், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1970-களின் நடுவில் அவர் எழுதியதன் சாரம் இது: ஒரே ஜன்னலை நாம் பிளானில் ஒரு தடவை வரைகிறோம், எலிவேஷனில் ஒரு தடவை, செக்‌ஷனில் ஒரு தடவை, பட்டியலில் ஒரு தடவை எழுதுகிறோம். ஜன்னலை ஒரு அடி நகர்த்தினால் நாலு இடத்திலும் மாற்ற வேண்டும். மூன்றில் மாற்றி ஒன்றில் விட்டுவிடுவது மனித இயல்பு. அதனால் ஒரு கட்டடத்தின் டிராயிங்குகள் ஒன்றுக்கொன்று முழுக்கப் பொருந்தியிருக்கும் நாளே கிடையாது. இதற்குப் பதில் கணினியில் ஜன்னலை ஒரே ஒரு முறை, ஜன்னலாகவே வைத்துவிட்டால் என்ன? பிளானும் எலிவேஷனும் அதிலிருந்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் பார்வைகள் மட்டுமே. ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும்.

அன்றைய கணினியின் விலைக்கு ஒரு கட்டடமே கட்டலாம். அதனால் யோசனை யோசனையாகவே இருந்தது. சந்தைக்கு வந்த முதல் முயற்சிகளில் ஒன்று யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது: கம்யூனிஸ்ட் ஹங்கேரி. புடாபெஸ்டில் காபோர் போயார் என்பவர் 1982-இல் ஆரம்பித்த கிராஃபிசாஃப்ட் நிறுவனத்தின் ஆரம்ப வேலைகளில் ஒன்று, பாக்ஸ் அணுமின் நிலையத்தின் குழாய்களைக் கணினியில் முப்பரிமாணத்தில் அமைப்பது. பின்னால் ஆர்க்கிகேட் என்று உலகமெல்லாம் பரவியது அவர்கள் செய்த மென்பொருள்தான். சிக்கனத்தில் வளர்ந்தவர்களின் மூளை எப்போதும் வேறு மாதிரி வேலை செய்யும்.

இதற்கிடையில் 1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், திறந்து ஒரு வருடமே ஆன ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். நடு முற்றத்தில் நடன விழா, பெருங்கூட்டம். முற்றத்துக்குக் குறுக்கே அந்தரத்தில் தொங்கும் நடைபாலங்கள் மூன்று, ஒவ்வொன்றும் சுமார் 120 அடி நீளம். நாலாவது மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலம். மாலை ஏழு மணி தாண்டியதும் நாலாவது மாடிப் பாலம் பிய்ந்து இரண்டாவது மாடிப் பாலத்தின் மேல் விழுந்தது. இரண்டும் சேர்ந்து கீழே இருந்தவர்கள் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம்.

காரணம் ஒரு நட்டு. முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து நீண்ட இரும்புக் கம்பிகள் இறங்கும்; ஒரே கம்பி நாலாவது மாடிப் பாலத்தின் உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இரண்டாவது மாடிப் பாலம் வரை போகும். ஒவ்வொரு பாலமும் தனக்குரிய நட்டில் உட்காரும். அவ்வளவு நீளக் கம்பி முழுவதும் மரை போடுவது தொல்லை என்று இரும்பு வேலை செய்த நிறுவனம் ஒரு மாற்றம் சொன்னது: கம்பியை இரண்டாக வெட்டிவிடலாம். கூரையிலிருந்து நாலாவது மாடி உத்தரம் வரை ஒன்று. அதே உத்தரத்தில் சில அங்குலம் தள்ளித் துளை போட்டு, அங்கிருந்து இரண்டாவது மாடிக்கு இன்னொன்று.

பார்த்தால் ஒன்றும் குடி முழுகுகிற விஷயமாகத் தெரியாது. ஆலமர விழுதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே விழுதை மேலே ஒரு பையனும் கீழே ஒரு பையனும் பிடித்துத் தொங்கினால் ஒவ்வொருவனும் தன் எடையைத்தான் தாங்குகிறான். கீழே இருப்பவன் விழுதை விட்டுவிட்டு மேலே இருப்பவனின் காலைப் பிடித்துத் தொங்கினால்? விழுதுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. மேலே இருப்பவனின் கைகளுக்கு இரண்டு மடங்கு. நாலாவது மாடி உத்தரத்தின் நட்டுக்கு நேர்ந்தது அதுதான். அரசாங்கத்தின் தர நிர்ணய ஆய்வகம் பிறகு சோதித்துப் பார்த்ததில், முதல் வடிவமைப்பே விதிமுறை கேட்ட பலத்தில் 60 சதவீதம்தான் என்று தெரிந்தது. அதையும் மாற்றம் பாதியாக்கிவிட்டது.

இந்த மாற்றம் எப்படி நுழைந்தது என்பதுதான் என்னைப் பல ஆண்டுகள் தொந்தரவு செய்தது. பொறியாளர் அலுவலகம் அனுப்பியவை ஆரம்ப நிலை டிராயிங்குகள்; இரும்பு நிறுவனம் அவற்றை இறுதி என்று எடுத்துக்கொண்டது. வேலை அதிகமாக இருந்ததால் இரும்பு நிறுவனம் விவர வரைபடங்களை வெளியே ஒருவரிடம் கொடுத்தது. வரைந்தவர், இந்த இணைப்புக்குக் கணக்கு முன்பே போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கம்பியை வெட்டும் யோசனைக்குத் தொலைபேசியில் சம்மதம் வாங்கியதாக இரும்பு நிறுவனம் சொன்னது. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்றது பொறியாளர் தரப்பு. எழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் டிராயிங் திரும்பி வந்தபோது அதன் மேல் பொறியாளர் அலுவலகத்தின் ‘பார்வையிடப்பட்டது’ ஸ்டாம்ப் இருந்தது. 1979 பிப்ரவரியில் நாற்பது சொச்சம் தாள்கள் சேர்ந்து வந்த கட்டில் அதுவும் ஒன்று. நாற்பது தாளுக்கு மொத்தமாக ஸ்டாம்ப் அடிக்கும் சத்தம் எந்த டிசைன் ஆபீஸில் வேலை பார்த்தவர் காதுக்கும் பழக்கமானது.

மிசௌரி மாநிலம் பொறுப்பான இரண்டு பொறியாளர்களின் உரிமத்தைப் பறித்தது. தலைமைப் பொறியாளர் ஜாக் கில்லம் பிற்காலத்தில் பொறியாளர் கூட்டங்களுக்குப் போய் இந்தக் கதையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்?

இன்றைய பிம் அன்று இருந்திருந்தால் அந்த 114 பேர் பிழைத்திருப்பார்களா? இளைஞர்கள் உடனே “கிளாஷ் ரிப்போர்ட்டில் காட்டியிருக்கும் அங்கிள்” என்பார்கள். ஏசி குழாய் பீமுக்குள் புகுந்து போவதை, கழிவுநீர்க் குழாய் படிக்கட்டில் இடிப்பதைக் கணினி முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அது உண்மை, பெரிய உபகாரம். எத்தனை பீமைக் கட்டி முடித்த பிறகு துளைத்திருக்கிறோம்! ஆனால் கன்சாஸ் சிட்டியில் எதுவும் எதையும் இடிக்கவில்லை. இரண்டு கம்பியும் இரண்டு துளையில் அழகாக உட்கார்ந்திருக்கும். திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் குற்றம் தெரியாது. அங்கே தேவைப்பட்டது வேறு: இது வெறும் ஆரம்ப வரைவு என்று தாளே சொல்ல வேண்டும். யார் மாற்றினார், யார் ஏற்றார் என்பது தொலைபேசியில் கரைந்துபோகாமல் பெயரோடும் தேதியோடும் நிற்க வேண்டும்.

இந்த ‘வேறு’ பக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். மென்பொருள் பக்கம் வேகமாகவே நடந்தது. ‘பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடல்’ என்ற பெயர் 1992-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவரின் கட்டுரையில் வந்தது. ரெவிட் என்ற மென்பொருள் 2000-இல் வெளிவந்து, இரண்டே வருடத்தில் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. இன்று பிம் என்றாலே பலருக்கு ரெவிட்தான். ஒரு கம்பெனி மென்பொருளில் செய்ததை இன்னொரு கம்பெனி மென்பொருள் படிக்க ஐ.எஃப்.சி. என்று ஒரு பொது மொழியும் வந்தது. அது இன்றும் மொழிபெயர்ப்பு நாவல் மாதிரிதான்; கதை வந்து சேரும், சில விஷயங்கள் வழியில் உதிர்ந்துவிடும்.

பிரிட்டிஷ்காரர்கள் செய்தது குமாஸ்தா வேலை. சிரிக்காதீர்கள், உயர்வாகத்தான் சொல்கிறேன். 2007-இல் அவர்கள் திருத்தி வெளியிட்ட பி.எஸ். 1192 என்ற தர விதி, திட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் பொதுவாக ஒரே தகவல் கிடங்கு என்றது. அந்தக் கிடங்குக்குள் நாலு அறை. முதல் அறை, இன்னும் வேலை நடக்கும் தாள்கள். செய்பவர் மட்டுமே பார்க்கலாம். இரண்டாவது, மற்றவர்களோடு பொருத்திப் பார்ப்பதற்காகப் பகிர்ந்தவை. மூன்றாவது, ஒப்புதல் பெற்று வெளியிடப்பட்டவை. இதை வைத்து மட்டுமே கட்டலாம். நாலாவது பழசுகளின் அறை. எதையும் எரிக்கக் கூடாது, யார் எப்போது மாற்றினார் என்று பிற்பாடு பார்ப்பதற்கு. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தாள் தானாக நடந்து போக முடியாது. ஒருவர் பார்த்து, பெயர் போட்டு, அனுப்ப வேண்டும். ஆரம்ப வரைவு என்றால் திருத்த எண் பி01, பி02 என்று ஓடும். கட்டுவதற்குரியது ஆனதும் சி01 ஆகும். பி-யைப் பார்த்துக் கான்கிரீட் போட்டால் அது போட்டவர் பாடு.

எங்கள் கார்பென்டர் ஷெட்டின் ஆர்2-க்கு இப்படி ஒரு எழுத்தாவது இருந்திருக்கலாம்.

2011-இல் பிரிட்டன் அரசாங்கம், தன் பணத்தில் கட்டும் வேலைகளுக்கெல்லாம் 2016-க்குள் பிம் கட்டாயம் என்றது. அங்கே ஊறிய பழக்கம்தான் 2018-இல் ஐ.எஸ்.ஓ. 19650 என்று உலகப் பொது விதியானது. கோயமுத்தூர் பிள்ளைகள் நாளெல்லாம் எழுதும் அந்த நீளமான ஃபைல் பெயர்கள் (திட்டம், செய்தவர், கட்டடப் பகுதி, மாடி, வகை, எண் என்று கோடு போட்டுப் பிரித்தவை) இங்கிருந்து வந்தவைதான். அலுப்பான வேலை என்று அவர்கள் முணுமுணுப்பது எனக்குத் தெரியும். ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கவும் அலுப்பாகத்தான் இருந்தது.

அந்த விதியில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. வேலை ஆரம்பிக்கும் முன்பே, எனக்கு என்ன தகவல், எப்போது, எந்த வடிவத்தில் வேண்டும் என்று கட்டடத்தின் சொந்தக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் சொந்தக்காரர் கேட்பது இரண்டே கேள்வி: சதுர அடி என்ன ரேட், கிரகப்பிரவேசத்துக்கு முடியுமா. ஒரு சென்ட் நிலம் வாங்க முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். அந்த நிலத்தின் மேல் நிற்கும் பத்து மாடிக்கு அப்படி ஒரு சான்று உண்டா? எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்பது பிளம்பரின் தலைக்குள் இருக்கிறது. அவர் ஊர் மாறிப் போனால் அதுவும் போச்சு.

பிரிட்டிஷ்காரர்களும் இதில் உத்தமர்கள் இல்லை. பிம் கட்டாயமாகி ஒரு வருடம் கழிந்து, 2017 ஜூன் 14 விடியற்காலை, லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்தது. 1974-இல் கட்டி முடித்த 24 மாடி குடியிருப்பு. நாலாவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜில் பிடித்த தீ, ஒரு வருடம் முன்பு புதுப்பித்தபோது வெளிச்சுவரில் போர்த்திய பலகைகளைப் பற்றிக்கொண்டு உச்சி வரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். பலகையின் நடுவில் இருந்தது எரியும் பிளாஸ்டிக். பலகை விற்றவர், வடிவமைத்தவர், மாட்டியவர், ஒப்புதல் தந்தவர் என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். கன்சாஸ் சிட்டி மாதிரியே.

அரசாங்கம் ஜூடித் ஹாக்கிட் என்ற பொறியாளர் அம்மையாரை நியமித்தது. 2018 மே மாதம் வந்த அவர் அறிக்கை, கட்டடம் பிறந்தது முதல் அதன் தகவலைத் தொடர்ந்து பிடித்து வரும் ஒரு ‘தங்க இழை’ வேண்டும் என்றது. என்ன பொருள் போட்டோம், ஏன் மாற்றினோம், யார் முடிவெடுத்தார் என்ற விவரம் கணினியில் நிற்க வேண்டும். கட்டடம் கைமாறினால் அதுவும் கூடவே போக வேண்டும். 2022-இல் அது சட்டமாயிற்று. குறைந்தது 18 மீட்டர் உயரமோ குறைந்தது ஏழு மாடியோ உள்ள குடியிருப்புகளுக்கு, இழையைக் காப்பது இன்னார் பொறுப்பு என்று ஆள் குறித்தே சொல்கிறது அந்தச் சட்டம்.

தனியாக நடந்த பொது விசாரணையில் இன்னொன்று வெளிவந்தது. அன்று இரவு ஓடிவந்த தீயணைப்புப் படையின் கையில் கட்டடத்தின் சரியான மாடிப் பிளான் இல்லை. எத்தனை கணினி, எத்தனை விதி, எத்தனை மாடல்! கடைசியில் அந்த விசாரணையின் முதல் அறிக்கை, 2019-இல், உயரமான குடியிருப்புகளின் சொந்தக்காரர்களிடம் கேட்டவை இவை: ஒவ்வொரு மாடியின் இன்றைய பிளானைத் தீயணைப்புத் துறைக்குக் கணினியிலும் காகிதத்திலும் கொடுங்கள், படிக்கட்டு ஏறும் ஒவ்வொரு தளத்திலும் மாடி எண்ணைத் தெளிவாக எழுதுங்கள், கட்டடத்தில் ஒரு பெட்டி வைத்து, அதற்குள் பிளானின் ஒரு நகலைப் போட்டு வையுங்கள். 2023 ஜனவரி முதல் இங்கிலாந்தில் அந்தப் பெட்டி சட்டப்படி கட்டாயம். சொந்தக்காரர் வருடத்துக்கு ஒரு முறையாவது அதைத் திறந்து, உள்ளே இருப்பது பழைய தாளா புதிய தாளா என்று பார்க்க வேண்டும்.